ஈறுநோய் மருந்துகளும் மருந்தெதிர்ப்புக் கட்டுப்பாடும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் நுண்ணுயிர்க்கொல்லிகளின் மீதான கட்டுப்பாடு மருத்துவமனைத் தொற்றுகளை மையமாகக் கொண்டு உருவாயிற்று. ஈறுநோய்க்கு வழங்கப்படும் மருந்துகள் அதன் விளிம்பிலேயே நின்றன. இவ்விடைவெளி தோன்றிய முறையையும், புகையிலை விளையும் திண்டுக்கல் சமவெளிக்கு அது கொண்டுள்ள முதன்மையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஈறுநோய், நுண்ணுயிர்க்கொல்லி, மருந்தெதிர்ப்பு, திண்டுக்கல், புகையிலை, எச்-1 அட்டவணை.

முன்னுரை

திண்டுக்கல் பூட்டுக்கு மட்டுமன்றிச் சுருட்டுக்கும் பெயர்பெற்ற ஊராகும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை இங்கு இயங்கியது. மெல்லும் புகையிலை, சுருட்டுப் புகையிலை ஆகியவற்றுக்கான ஆராய்ச்சி நிலையம் 1948இல் வேடசந்தூரில் அமைந்தது. புகைப்பழக்கம் ஈறுநோயை வளர்ப்பதோடு, அதன் முதல் அறிகுறியான இரத்தக்கசிவைக் குறைத்து நோயை மறைக்கவும் செய்கிறது. எனவே பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் மருத்துவம் நாடுகின்றனர். இந்நிலையில் மருந்து எவ்வாறு வழங்கப்படுகிறது என்பது இவ்வட்டாரத்தின் பொதுநலவாழ்வு சார்ந்த வினாவாகிறது.

மருந்துகளின் வருகை

1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கியது. 1954இல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றியது. இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஆயினும் மருந்துக்கடை பரவிய அளவுக்குப் பல் மருத்துவர் சிற்றூர்களை எட்டவில்லை. பின்னர், முற்றிய ஈறுநோய்க்கு அமாக்சிசிலினையும் மெட்ரோனிடசோலையும் இணைத்து வழங்கும் முறையை 1989இல் வான் விங்கல்ஹாப் குழுவினர் வெளியிட்டனர். அது உலகெங்கும் பரவியது.

ஈறில் மருந்தெதிர்ப்பு

ஈறுக்கும் பல்லுக்கும் இடையே நுண்ணுயிர்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. படலமாக ஒட்டி வாழ்கின்றன. அப்படலம் மருந்தின் செயலைத் தடுக்கிறது. எதிர்ப்பு மரபணுக்கள் ஓர் உயிரியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும் இடமளிக்கிறது. 2000இல் வெளிவந்த ஓர் ஒப்பாய்வு, நுண்ணுயிர்க்கொல்லிகளை மிகுதியாகப் பயன்படுத்தும் ஸ்பெயின் நாட்டு நோயாளிகளின் ஈறுக் கிருமிகளில், நெதர்லாந்து நோயாளிகளைவிட மருந்தெதிர்ப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 400 ஈறுநோயாளிகளுள் ஏறத்தாழ 74 விழுக்காட்டினரிடம், சோதிக்கப்பட்ட நான்கு மருந்துகளுள் ஒன்றையேனும் எதிர்க்கும் கிருமிகள் காணப்பட்டன. ஒரு சமூகத்தின் மருந்துப் பழக்கம் அச்சமூகத்தின் வாயில் பதிவாகிறது என்பதே இவற்றால் பெறப்படும் உண்மையாகும்.

சட்டத்தின் கவனம்

தமிழகத்தில் மருந்தெதிர்ப்புப் பற்றிய பொதுவிவாதம் ஈறிலிருந்து எழவில்லை. 2010இல் என்.டி.எம்-1 நொதியைப் பற்றிய பன்னாட்டு ஆய்வு வெளிவந்தது. அந்நொதியுடைய 44 கிருமி மாதிரிகள் சென்னையில் கிடைத்திருந்தன. 2012 ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' உருவாயிற்று. முழுமையான கொள்கையைவிட நடைமுறைக்கு இயலும் கொள்கையே வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. மருத்துவர் அரிதாகவுள்ள ஊர்களை எண்ணும்போது இந்நிலைப்பாடு ஏற்கத்தக்கதே.

2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, 46 மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் பேணுமாறு பணித்தது. உயர்நிலை மருந்துகள் அதில் இடம்பெற்றன. ஈறுநோய்க்குப் பெரிதும் வழங்கும் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் ஆகியவை இடம்பெறவில்லை. மருத்துவமனையின் இறுதி மருந்தைக் காத்த சட்டம், அன்றாட மருந்தை அப்பதிவுக்கு வெளியே விட்டது.

முடிவுரை

ஈறுநோய்க்கு அடிப்படை மருத்துவம் காரையை அகற்றித் தூய்மை செய்வதே. மாத்திரை துணை மட்டுமே. துணையே முதன்மையாகும்போது படலம் அழிவதில்லை. எதிர்ப்புடைய கிருமிகளே எஞ்சுகின்றன. ஆகவே திண்டுக்கல் போன்ற சமவெளி மாவட்டங்களில் அட்டவணையை விரிப்பது மட்டும் தீர்வாகாது. அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஈறுத் தூய்மை மருத்துவம் எளிதில் கிடைப்பதும், புகையிலைக் கட்டுப்பாட்டுப் பணியோடு ஈறுப் பரிசோதனை இணைவதும் மருந்தெதிர்ப்புத் தடுப்பின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.