மலைக்குடியில் ஒரு நூல்நிலையம்

தேவிகுளம் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது தேயிலை. அதற்கடுத்து, 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட காலத்துக் கிளர்ச்சி. இம்மலைக்கும் நூல்களுக்கும் உள்ள உறவை எவரும் பேசக் காணோம். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது, அதனையே எழுத எண்ணினோம்.

ரயில்வேயில் ஊழியம் செய்யும் நாம் ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓடிற்று. 1908-இல் அது சிறுபாதை ரயிலாயிற்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடியோடு கொண்டு போயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலை கோட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து போடிநாயக்கனூர் சென்றது. அந்தப் பக்கத்திலிருந்து மலையேறிய நம் முன்னோர் பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் தாலாட்டும் ஒப்பாரியும் அல்லியரசாணி கதையும் அவர்கள் நெஞ்சில் இருந்தன. சுவை அறியாதவர் என்று அவர்களைக் கூறுதல் பிழை.

நிற்க. அதே தேவிகுளம் தாலுகாவில், காட்டுக்குள் வெகுதூரம் தள்ளி இடமலைக்குடி இருக்கிறது. முதுவர் என்னும் பழங்குடியினர் வாழும் இடம். 2010-இல் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி. வி. சின்னத்தம்பி என்னும் முதியவர் மண்சுவர்த் தேநீர்க்கடை ஒன்று நடத்தி வந்தார். 2014-இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டு வழியே நடந்து சென்று கண்டு எழுதியதால் உலகம் அக்கடையை அறிந்தது. பெரியவர் உள்ளே சென்று இரண்டு சாக்குகளைத் தூக்கி வந்தாராம். பாயிலே கொட்டினால் நூற்றறுபது புத்தகங்கள்! அதுதான் அவ்வூர் நூல்நிலையம். முரளீதரன் என்னும் ஆசிரியர் அதற்குத் துணை நின்றவர். உறுப்பினராக ஒரு முறை 25 ரூபாய், பின்பு மாதம் 2 ரூபாய். நூல் பெற வருவோர்க்குச் சர்க்கரையில்லாக் கட்டன் தேநீர் இலவசம்.

புத்தகங்கள் எத்தகையவை என்பதே நம்மை வியப்பில் ஆழ்த்தியது. பஷீர், எம். டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ், காந்தியடிகள் என்று தேர்ந்தெடுத்த வரிசை. 2013-இல் 37 நூல்கள் இரவல் சென்றன என்று பதிவேடு காட்டியது. முப்பத்தேழுதானா என்று கேட்போர் உண்டு. நம் சங்கத்து அலமாரியிலிருந்து சென்ற ஆண்டில் வெளியே சென்றவை கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். இத்தனைக்கும் இங்கே மின்விளக்கு உண்டு. அங்கே அன்று மின்சாரமே எட்டவில்லை.

அங்கே ஒரு முறைக்கு மேல் இரவல் சென்ற நூல்களுள் சிலப்பதிகாரமும் ஒன்று. மதுரையை எரித்த கண்ணகி மேற்கு நோக்கி நடந்து மலையேறியதையும், வேங்கை மரத்தடியில் அவளைக் குன்றவர் கண்டதையும் இளங்கோவடிகள் பாடினார். முதுவரோ, தாங்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகக் கூறுவோர். முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றனர் என்பதும் உண்டு. மதுரையிலிருந்து மலையேறியவளின் கதையை மதுரையிலிருந்து மலையேறியவர் இரவல் வாங்கிப் படிப்பதை எண்ணுந்தோறும் உள்ளம் சிலிர்க்கிறது.

ஆனால் அந்நூல் மலையாள மொழிபெயர்ப்பு. இங்கேதான் நமக்கு உறுத்துகிறது. நம் வீடுகளில் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. அவர்களும் ஒருநாள் சிலம்பை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் படிப்பார்களா? குற்றம் பள்ளியினுடையது மட்டுமன்று. மாலையில் தொலைக்காட்சியை முதலில் திறப்பவர் நாமே.

புத்தகம் மனிதனைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. சீகாழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அதற்கெனவே வாழ்ந்தவர். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை அனுப்பினார். அம்முயற்சிக்கு அரங்கநாதன் உறுதுணை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததும் அவர் உழைப்பாலேயே. திருவிதாங்கூரில் பி. என். பணிக்கர் 1945-இல் நாட்டுப்புற நூல்நிலையங்களை ஒன்று திரட்டினார். அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாள் கேரளத்தில் வாசிப்பு நாளாயிற்று. நம் பிள்ளைகள் பள்ளியில் அதைக் கொண்டாடுகிறார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பழக்கம் வேறு, சுவை வேறு. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து வேலைக்கு வந்த நாம், இரவுப் பணியில் தூக்கம் வாராதிருக்க ராஜேஷ்குமாரின் மாத நாவல்களில் தொடங்கியவர். அதற்காக வெட்கமில்லை; கண் பழகியது அதனாலேதான். சுவை வேறு வழியில் வந்தது. திருநெல்வேலியில் டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி வைத்துப் பாடல்களை வாய்விட்டுச் சொல்லி அனுபவித்தார். அக்கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்று பெயர். ஒரு செய்யுளே மாலை முழுவதற்கும் போதுமானதாக இருந்ததுண்டு. புலவர் பட்டம் பெறாதவரும் அங்கே கம்பனைச் சுவைத்தனர். அதனைப் படித்த பின்பே, தனியே படித்து விளங்காமல் மூடிவைத்த நூல்களை மூத்த தோழர் ஒருவரோடு உரக்கப் படிக்கத் தொடங்கினோம். காதில் விழுந்த பின்புதான் பொருள் பிடிபட்டது.

நம் அலமாரியிலும் சிலப்பதிகாரம் ஒன்று உரையோடு இருக்கிறது. விழா முடிந்த மறு ஞாயிறு மாலை, வஞ்சிக் காண்டத்துக் குன்றக்குரவையிலிருந்து அதனைச் சங்க அறையில் உரக்கப் படிக்கத் தொடங்குகிறோம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். தேநீர் உண்டு, சர்க்கரையும் போடுவோம்.