முழு அமைச்சர், துணையமைச்சர்: அமைச்சரவை அமைவதும் மாறுவதும்

2023 டிசம்பர் 12ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தமது அமைச்சரவையை முதன்முறையாக மாற்றியமைத்தார். மனிதவள அமைச்சராக இருந்த வ. சிவகுமாரின் பெயர் புதிய பட்டியலில் இல்லை. அவரது இடத்துக்கு ஸ்டீவன் சிம் வந்தார். புதிதாக உருவான இலக்கவியல் அமைச்சு கோபிந்த் சிங் டியோவுக்குப் போனது. மு. குலசேகரன், ரமணன், சரஸ்வதி கந்தசாமி ஆகிய மூவரும் துணையமைச்சர்கள். தலைகளை எண்ணினால் இந்தியர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனாலும் தமிழர் ஒருவர்கூட முழு அமைச்சராக இல்லையே என்ற ஆதங்கம் பல வாரங்கள் ஓயவில்லை.

அந்த "முழு" என்ற சொல்லுக்கு ஏன் அவ்வளவு கனம்? அமைச்சரவை எப்படி அமைகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 43ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. மக்களவையில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெற்றிருக்கக்கூடியவர் எனத் தாம் கருதும் மக்களவை உறுப்பினரை மாமன்னர் பிரதமராக நியமிக்கிறார். பின்னர் பிரதமரின் ஆலோசனைப்படி மற்ற அமைச்சர்களை நியமிக்கிறார். பிரதமர் மக்களவையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அமைச்சர்கள் மக்களவை, மேலவை இரண்டில் எதிலிருந்தும் வரலாம். இஸ்தானா நெகாராவில் அவர்கள் பதவி, விசுவாசம், இரகசியக் காப்பு ஆகியவற்றுக்கு உறுதிமொழி எடுக்கிறார்கள். "கூட்டத்தில் என்ன பேசினீர்கள்?" என்று கேட்கும் நிருபர்களிடம் அமைச்சர்கள் கேடயமாகக் காட்டுவது இந்தக் கடைசி உறுதிமொழியைத்தான்.

துணையமைச்சர்களுக்கு 43ஏ என்று தனிப் பிரிவு உண்டு. அமைச்சருக்குத் துணை நிற்பதும், அவரது பணிகளைச் செய்வதும் அவர்கள் கடமை. நாடாளுமன்றத்தில் கேள்விகளுக்குப் பெரும்பாலும் அவர்களே பதில் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அமைச்சரவையின் உறுப்பினர்கள் அல்லர். கொள்கை முடிவாகும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, தோட்டத் தொழிலாளர் வீடு என எந்த விவகாரம் அங்கே வந்தாலும், அதைப் பற்றிப் பேச அந்த அறைக்குள் ஒருவர் இருக்கிறாரா என்பதே "முழு அமைச்சர்" கோரிக்கையின் உட்பொருள்.

இத்தனை அமைச்சர்கள், இன்ன இனத்தவர் என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை. துணைப்பிரதமர் பதவிகூட அதில் இல்லை. 2020இல் டான்ஸ்ரீ முகிடின் யாசின் துணைப்பிரதமரே இல்லாமல் நான்கு மூத்த அமைச்சர்களை வைத்துக்கொண்டார். 2022இல் அன்வார் இரண்டு துணைப்பிரதமர்களை நியமித்தார். இரண்டும் சட்டப்படி சரியே. அமைச்சரவையில் இந்தியருக்கான இடமும் இதே போல ஒரு மரபுதான்.

மரபு வந்த வழி

அந்த மரபு 1955இல் தொடங்குகிறது. அவ்வாண்டுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். சுதந்திரத்துக்குப் பிறகு அவர் சுகாதாரம், பொதுப்பணி, தேசிய ஒற்றுமை எனப் பல பொறுப்புகளை வகித்தார். 1960களின் பிற்பகுதியில் வெ. மாணிக்கவாசகமும் தொழிலாளர் அமைச்சராக இருந்ததால் ம.இ.கா.வுக்கு ஒரே சமயத்தில் இரண்டு முழு அமைச்சர்கள். பின்னர் அது ஒன்றாகச் சுருங்கியது. மாணிக்கவாசகம் 1979இல் மறைந்த பிறகு அந்த ஓரிடத்துக்கு வந்த ச. சாமிவேலு, 2008இல் சுங்கை சிப்புட்டில் தோற்கும்வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள் அதில் இருந்தார். ஒரு தலைமுறைக்கு "இந்திய அமைச்சர்" என்றாலே அவர் முகம்தான்.

2011 முதல் 2015 வரை டாக்டர் ச. சுப்பிரமணியம், கோ. பழனிவேல் என மீண்டும் இருவர். 2018இல் ஆட்சி மாறியபோது குலசேகரன், கோபிந்த், டாக்டர் சேவியர் ஜெயகுமார், பொன். வேதமூர்த்தி என நால்வர். 2020இல் அது மு. சரவணன் என்ற ஒருவராகக் குறைந்தது.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தொகுதிக் கணக்கு. குடிமக்களில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காடு. அவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்திய அமைச்சர் ஒவ்வொருவரும் ஒன்று மற்ற இனத்தவரின் வாக்கில் வென்று வருகிறார், அல்லது மேலவை வழியாக வருகிறார். 2004இல் 9 இடங்களில் நின்று ஒன்பதையும் வென்ற ம.இ.கா., 2008இல் மூன்றுக்கு இறங்கியது. 2022இல் அதற்குக் கிடைத்தது தாப்பா மட்டுமே.

2022: கட்சிகளின் கணக்கு

2022 நவம்பர் 19 தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 இடங்கள் கிடைக்கவில்லை. நவம்பர் 24ஆம் தேதி அன்வார் பிரதமரானார். டிசம்பர் 2ஆம் தேதி பிரதமரையும் சேர்த்து 28 பேர் கொண்ட அமைச்சரவை அறிவிக்கப்பட்டது. அதில் 40 இடங்களை வென்ற ஜ.செ.க.வுக்கு நான்கு அமைச்சர்கள். 26 இடங்களை வென்ற அம்னோவுக்கு ஆறு. ஆட்சி யார் கையைப் பிடித்து நிற்கிறதோ அவர்களுக்கே விலை அதிகம் என்பது இந்த எண்களில் தெரியும். ஜ.செ.க.வின் நால்வரில் ஒருவர் சிவகுமார். தேசிய முன்னணி வழியாக அரசில் அங்கம் வகித்தும் ம.இ.கா.வுக்கு ஓர் இடமும் இல்லை. இந்தியர் இடம் ம.இ.கா.வின் பங்கு என்ற பழைய ஏற்பாடு அத்துடன் முடிந்தது. இனி அது ஜ.செ.க., பி.கே.ஆர். கட்சிகளின் உள்கணக்கைப் பொறுத்தது. 2023 மாற்றத்தில் ஜ.செ.க.வின் அமைச்சர்கள் நான்கிலிருந்து ஐந்தாக உயர்ந்தும் தமிழருக்கான இடம் போனது அப்படித்தான்.

மாற்றம் எப்போது வரும் என்பதற்கு விதி இல்லை. அமைச்சரை நீக்க மாமன்னருக்குப் பிரதமரின் ஆலோசனை போதும். நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. 2015 ஜூலையில் டத்தோஸ்ரீ நஜிப், தம் துணைப்பிரதமர் முகிடினையே நீக்கினார். அதே மாற்றத்தில் பழனிவேலும் பதவி இழந்தார். பெரும்பாலும் காலியிடங்களே மாற்றத்தைத் துரிதப்படுத்துகின்றன. 2023 மாற்றத்துக்கு முன், உள்நாட்டு வாணிப அமைச்சர் சலாவுடின் அயூப் ஜூலையில் காலமாகியிருந்தார். 2025இல் கட்சித் தேர்தல் தோல்விக்குப் பின் ரபிசி ரம்லியும் நிக் நஸ்மியும் விலகினர். நவம்பரில் இவோன் பெனடிக் விலகினார். டிசம்பரில் தெங்கு சஃப்ருலின் செனட்டர் பதவிக்காலம் முடிந்தது. செனட்டர் தவணை மூன்று ஆண்டு. ஒருவர் இரண்டு தவணைகளுக்கு மேல் இருக்க முடியாது. மேலவை வழியாக அமைச்சராகிறவருக்கு முடிவுத் தேதி முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது.

மீண்டும் மனிதவளம்

நான்கு காலியிடங்களை நிரப்ப 2025 டிசம்பர் 16ஆம் தேதி அறிவிக்கப்பட்ட மாற்றத்தில், சுங்கை பூலோ உறுப்பினர் டத்தோஸ்ரீ ரமணன் மனிதவள அமைச்சரானார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தமிழர் ஒருவர் முழு அமைச்சர்.

மீண்டும் மனிதவள அமைச்சுதான் என்பது கவனிக்கத்தக்கது. சம்பந்தன், மாணிக்கவாசகம் காலத்துத் தொழிலாளர் அமைச்சின் வாரிசு அது. சுப்பிரமணியம், குலசேகரன், சரவணன், சிவகுமார், ரமணன் என 2008க்குப் பிறகு ஐந்து பேர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். தோட்டமும் ரயில்வேயும் சமுதாயத்தின் வாழ்வாக இருந்த நாளில் பிறந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. சிறிய பொறுப்பு என்று அதை ஒதுக்கிவிட முடியாது: சொக்சோ, எச்.ஆர்.டி. கார்ப் இரண்டும் அதன் கீழ் உள்ளன. 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கான ஆணையும் அங்கிருந்தே வருகிறது. ஆனால் தமிழ்ப்பள்ளிகள் கல்வி அமைச்சின் கீழும், குடியுரிமை, அடையாளக் கார்டு விவகாரங்கள் உள்துறை அமைச்சின் கீழும் இருக்கின்றன. அந்த இரண்டு அமைச்சுகளுக்கும் இந்தியர் ஒருவர் இதுவரை முழு அமைச்சராக வந்ததில்லை.

மித்ராவின் கதை வேறு. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு பெறும் அந்தப் பிரிவு, 2014இல் செடிக் என்ற பெயரில் பிரதமர் துறையில் தொடங்கி, 2018இல் மித்ராவாகி, அதன்பின் தேசிய ஒற்றுமை அமைச்சுக்கும் பிரதமர் துறைக்கும் இடையே பலமுறை கைமாறியது. எந்த அமைச்சு எதைக் கவனிக்கும் என்பதை 1969ஆம் ஆண்டு அமைச்சுப் பணிகள் சட்டத்தின் கீழ் அரசிதழ் ஆணை ஒன்றினாலேயே மாற்றிவிடலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் அதிகாரிகளும் கணக்குகளும் இடம் பெயர வேண்டும். மானியத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் சங்கங்கள் யாரிடம் கேட்பது என்று மீண்டும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இப்போதைய நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19ஆம் தேதி முதன்முறையாகக் கூடியது. ஐந்தாண்டுத் தவணை 2027 டிசம்பரில் முடிகிறது. முன்னதாகக் கலைக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், கலைந்த 60 நாள்களுக்குள் தீபகற்பத்தில் தேர்தல் நடத்தப்பட வேண்டும். அதுவரை பிரதமர் எந்த நாளிலும் பட்டியலை மீண்டும் திருத்தலாம்.