சாலமன் எதிர் சாலமன் நிறுவனம் (வழக்கு)

சாலமன் எதிர் சாலமன் நிறுவனம் என்பது பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1896 நவம்பர் 16 அன்று தீர்ப்பளித்த வணிக வழக்கு ஆகும்.

இலண்டனில் காலணித் தொழில் நடத்திய ஆரோன் சாலமன், 1892-இல் அதை வரையறுக்கப்பட்ட நிறுவனமாக்கினார். சட்டப்படி ஏழு உறுப்பினர்கள் தேவை என்பதால் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொரு பங்கு பெற்றனர். 20,001 பங்குகள் அவரிடமே இருந்தன. தொழிலின் விலையில் ஒரு பகுதியாக 10,000 பவுண்டுக்குக் கடன் பத்திரங்களையும் பெற்றார்.

அடுத்த ஆண்டே நிறுவனம் நொடித்தது. பிணையின்றிச் சரக்குக் கொடுத்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கடன்களைச் சாலமனே ஏற்க வேண்டும் என்று கலைப்பாளர் வாதிட்டார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் சாலமனுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. வறியவராக மேல்முறையீடு செய்த சாலமன் இறுதியில் வென்றார்.

முறைப்படி பதிவான நிறுவனம் தன் உரிமையாளரிடமிருந்து வேறான சட்ட ஆள் என்னும் இக்கோட்பாடு இந்திய நிறுவனச் சட்டத்திலும் நிலைபெற்றுள்ளது. மோசடிக்கு நிறுவனம் மறைப்பாகும்போது நீதிமன்றங்கள் அத்திரையை விலக்குவதுண்டு.