மருந்தை வெல்லும் உயிரணுக்கள்

ஒரு மருந்து முன்போல் பலன் தராவிடில், "மருந்து பழகிப் போயிற்று" என்பது மக்கள் வழக்கு. நோய்க்கிருமியும் மருந்துக்குப் பழகுமோ? மலாயாவின் மலேரியா வரலாறு இவ்வினாவிற்கு விடைகாணத் துணைசெய்யும்.

1901-இல் கிள்ளானில் மருத்துவப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்து கொசுவை அடக்கினார். தோட்டங்களில் வாய்க்கால் வெட்டுதலோடு கொய்னா வழங்குதலும் நடைபெற்றது. 1945-இல் இங்கிலாந்தில் புரோகுவானில் என்னும் செயற்கை மருந்து அறிவிக்கப்பட்டது. பாலுட்ரின் என்பது அதன் விற்பனைப் பெயர். நான்கே ஆண்டுகளில், அதாவது 1949-இல், அதற்கு அடங்காத மலேரியாக் கிருமிகள் மலாயாவில் தோன்றியதைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினரான பீல்டும் ஈடிசனும் அறிவித்தனர்.

இதன் காரணம் பின்னரே விளங்கிற்று. உயிரணு பெருகுவதற்கு டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி இன்றியமையாதது. புரோகுவானில் உடலினுள் வேறு வடிவெய்தி, அந்நொதியைப் பற்றி அதன் தொழிலை நிறுத்துகிறது. அதே நொதியைத் தாக்கும் மற்றொரு மருந்து பைரிமெத்தமின். அதனை எதிர்க்கும் கிருமிகளில், நொதியின் 108-ஆம் இடத்துச் செரின் நீங்கி அஸ்பராஜின் அமைந்திருப்பது 1988-இல் அறியப்பட்டது. மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. அதனால் மருந்தின் பிடி தளர்ந்தது.

பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் இந்நொதி உண்டு. புற்றுநோய் மருந்தான மெத்தோடிரெக்சேட் அதனையே தாக்குவது. 1978-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஷிம்கி குழுவினர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுண்டெலி உயிரணுக்களுள் இம்மருந்துக்குத் தப்பியவற்றை ஆராய்ந்தனர். அங்கே மரபணுவின் வடிவம் மாறவில்லை, எண்ணிக்கை பெருகியிருந்தது! ஒரு வகையில் ஏறத்தாழ 200 மடங்கு. மருந்து அழிக்க அழிக்க எஞ்சும் அளவிற்கு நொதி மிகுந்திருந்தது. மருந்தின்றி வளர்த்தபோது சில வகைகளில் மிகைப்படிகள் குறைந்தன.

கிருமியில் வடிவ மாற்றம். எலி உயிரணுவில் எண்ணிக்கைப் பெருக்கம். வழிகள் இரண்டாயினும் விதி ஒன்றே. கோடிக்கணக்கான உயிரணுக்கள் பிளவுறுங்கால் ஒன்றிரண்டில் தற்செயலாய் மாறுதல் நேர்கிறது. மற்றவற்றை மருந்து மாய்க்க, மாறியவை மட்டும் பெருகுகின்றன. இங்குப் பழகியது எதுவுமில்லை.

வெவ்வேறு வழியில் தாக்கும் இரு மருந்துகளை ஒருங்கே அளித்தால், இரண்டையும் வெல்லும் மாறுதல்கள் ஓர் உயிரணுவிலேயே கூடுதல் மிக அரிது. மலேரியாவிற்கும் புற்றுநோய்க்கும் இன்று கூட்டு மருந்து வழங்கப்படும் காரணங்களுள் இஃது ஒன்று. ஆதலின், "மருந்து பழகிப் போயிற்று" என்பதினும், "மருந்தே தன் பகைவனைப் பொறுக்கி வளர்த்தது" என்பதே பொருந்தும்.