வயித்துக்குள்ள ஒரு வெல்டிங்

வயித்துப் புண்ணுக்கு மருந்தா கதிர்வீச்சு கொடுத்திருக்காங்கன்னா நம்புவீங்களா? சிகாகோ பல்கலைக்கழகத்துல 1937லேர்ந்து 1960கள் வரை, கேன்சரே இல்லாத அல்சர்காரங்களுக்கு அமிலம் குறையட்டும்னு இரைப்பையில எக்ஸ்ரே பாய்ச்சினாங்க. அமிலம் குறைஞ்சது நிஜம். அவங்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சப்ப வயிற்றுக் கேன்சர் சாவு கூடுதலா இருந்ததும் நிஜம்.

இத்தனைக்கும் எச்சரிக்கை எப்பவோ வந்தாச்சு. ராண்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895. ரெண்டே வருஷத்துல, 1897ல, டேவிட் வால்ஷ்ங்கிறவர் இந்தக் கதிர் தோலோட நிக்கறதில்லை, உள்உறுப்பையும் காயப்படுத்துதுன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிட்டார்.

எங்க பெரியப்பாவுக்கு ரேடியேஷன் முடிஞ்சு பல மாசம் கழிச்சு மலம் தார் மாதிரி கறுப்பா போச்சு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்னு ரெண்டு வாரம் விட்டுட்டார். (அந்த மாத்திரையும் கறுப்பாக்கும்ங்கிறதுதான் வம்பே!) கசிஞ்சது ரத்தம்.

ஏன் இவ்வளவு தாமதம்? கதிர் பட்ட இடத்துல சின்ன ரத்தக்குழாய்களின் உள்சுவர் தடிச்சு மெதுவா அடைபடும். ஆக்ஸிஜன் பத்தாத திசு அவசர அவசரமா புதுக் குழாய்களை வளர்க்கும். அதெல்லாம் மெல்லிசு, லேசா உரசினாலே ரத்தம். கத்தி வெச்சா இன்னொரு தலைவலி: கதிர் பட்ட திசு சுலபத்துல ஆறாது, தையல் பிரியலாம். 1980கள்ல லேசர் வந்துச்சு. ஆனா அது ஆழமா சுட்டு ஓட்டை போடுற அபாயம் இருந்தது.

1991ல ஜெர்மனியில, ட்யூபிங்கன் நகரத்து குருண்ட் குழு, ஆபரேஷன் தியேட்டர்ல இருந்த ஆர்கான் பிளாஸ்மா முறையை எண்டோஸ்கோப்புக்குள்ள கொண்டுவந்தாங்க. பொட்டி தட்டுற எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஆர்கான் வாயு வழியா மின்சாரம் திசுவைத் தொடாமலே பாயும். சுட்ட இடம் காய்ஞ்சதும் அங்க மின்தடை ஏறிடும், மின்சாரம் தானா பக்கத்து ஈரமான இடத்துக்கு நகர்ந்துடும். அதனால பொதுவா சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல சுடாது.

ஒரே தடவையில முடியறது அபூர்வம். பெரியப்பாவுக்கு மூணு தடவை ஆச்சு, நடுவுல ரத்தமும் ஏத்தினாங்க. இதுக்கும் நிக்கலைன்னா, அழுத்தமான ஆக்ஸிஜன் அறையில உட்கார வைக்கிற சிகிச்சையும் உண்டு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்கோ. மலம் கறுத்தா உடனே காட்டுங்க. ரேடியேஷன் எடுத்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அதை முதல்ல சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரையை நீங்களா நிறுத்தாம, அதையும் அங்கேயே கேட்டுக்குங்க.