வெற்று நிலம் எனப்பட்ட புல்வெளி: நீலகிரியின் நிலமும் மக்களும், 1819 முதல்

எங்கள் நீலகிரியைப் பற்றி எழுதுவோர் தட்பவெப்பம், நிலம், மக்கள் என மூன்று தலைப்புகளாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். அந்தப் பிரிப்பு இந்த மலைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொட்டபெட்டா (2,637 மீட்டர்) மலைத்தொடர் மழையைப் பங்கிடுகிறது. மேற்கே அவலாஞ்சி தென்மேற்குப் பருவமழையில் ஊறும். 2019 ஆகஸ்டு 8 அன்று அங்கே 82 செ.மீ. பதிவானது. கிழக்கே கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மார்கழி, தை மாதங்களில் வெட்டவெளியில் இறங்கும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. புல்லோ மேலே காய்ந்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும். மலை மடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்லும் நிற்பதற்கு இது முக்கியக் காரணம். இந்தப் புல்வெளி காட்டை அழித்ததால் உண்டானது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சுகுமார் முதலியோர் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட, சதுப்பு மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளைப் பற்றிய ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் செழித்திருந்ததைக் காட்டியது.

கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியபோது அந்தப் புல்வெளி தோடர்களின் எருமை மேயும் இடம். அவர்களுடைய மந்துகளும் படகர்களின் ஹட்டிகளும் கோத்தர்களின் ஊர்களும் பண்டமாற்றால் பிணைந்திருந்தன. தோடர்களின் நில உரிமைக்காகச் சல்லிவன் வாதாடியதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் மேய்ச்சல் நிலம் 'தரிசு' என்ற கணக்கில்தான் சேர்ந்தது. ஊட்டி வளர, விறகுக்குச் சோலைகள் வெட்டப்பட்டன. பற்றாக்குறையை ஈடுகட்ட ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்து புல்லின் மேல் நின்றன. விடுதலைக்குப் பின்பும் வனத்துறை அதே வழியில் சென்று, தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைக் கூழுக்காகவும் மேலும் நட்டது. வெள்ளையர் நட்டதை மட்டும் குறைகூறி நம்முடையதை விட்டுவிடுவது நேர்மையன்று.

மக்கள்தொகையும் இந்த நிலமாற்றத்தின் வழியே ஏறியது. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் (1964) இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகள் பெருகின. 1971இல் 4,94,015 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1981இல் 6,30,169 ஆனது. 2001இல் 7,62,141, 2011இல் 7,35,394. இந்தச் சரிவுக்கு, 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை வீழ்ந்து, இளையோர் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கியதே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு.

புல்வெளியை மீட்க இப்போது சீகை மரங்களை அகற்றும் பணி நடக்கிறது. மரத்தை வெட்டினால் மட்டும் புல் திரும்பாது. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். ஆண்டுதோறும் கன்று பிடுங்க ஆள் வேண்டும். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல், கேரட்டுக்கும் உருளைக்கும் பள்ளங்களை வடித்த பிறகு அரிதாகிவிட்டது. அது இன்னும் எங்கே கிடைக்கிறது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.