மூன்று பக்கம் மதில், ஒரு வாசல்

மூன்று பக்கமும் வானுயர மதில். நாலாவது பக்கம் குறுகலாக ஒரு வாசல். இதைவிடப் பத்திரமான வீடு உண்டா, சொல்லுங்கள்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் சைலண்ட் வேலி அப்படியொரு வீடுதான். வடக்கே நீலகிரிப் பீடபூமி செங்குத்தாகச் சரிகிறது. கிழக்கிலும் மேற்கிலும் நீண்ட மலைமுகடுகள். நடுவே குந்திப்புழா ஆறு. தெற்கே ஒரு மலையிடுக்கு வழியாக மண்ணார்க்காடு சமவெளிக்கு இறங்கிவிடும்.

ஜூன் வந்தால் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். வெளியே அடிக்கிற வெயிலும் வறட்சியும் சுலபத்தில் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஈரம் தங்கும். மரத்தைவிட்டு இறங்கவே யோசிக்கும் சிங்கவால் குரங்கு அங்கே பிழைத்துக் கிடப்பது அதனால்தான்.

அப்புறம் என்ன பயம்? அங்கேதான் சிக்கல். காட்டைக் காப்பாற்றிய அதே மலைகளைப் பொறியாளர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். வாசலை அடைத்தால் வீடே தண்ணீர்த் தொட்டி! 1973-ல் திட்டக் கமிஷன் அணைக்குத் தலையாட்டியது. 120 மெகாவாட் மின்சாரம். மூழ்கப்போவது 8.3 சதுர கிலோமீட்டர்தானே என்றார்கள்.

நான் பி.காம். படித்தவன். தலைப்பே போடாத செலவு ஏட்டில் ஏறாது என்பது எங்கள் பாலபாடம். மூழ்கவிருந்தது காட்டின் ஈரமான நெஞ்சுப்பகுதி. அதற்கு அந்த ஏட்டில் தலைப்பே இல்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரி போன்றவர்களும் விடாமல் மல்லுக்கட்டி அதை எழுதவைத்தார்கள். 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்கா.

குந்திப்புழா இன்றைக்கும் அதே வாசல் வழியாகத்தான் இறங்கிப் போகிறது.